மருத்துவத் துறைக்கு வர நினைக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் இந்தப் பகுதியில், கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லாத வீடுகளிலிருந்தும், தொலைதூரக் கிராமங்களிலிருந்தும், நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்ட சமூகங்களிலிருந்தும் மருத்துவத் துறைக்கு வருபவர்கள் உலகின் பல நாடுகளிலும் ஏன் இத்தனை குறைவாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள், மருத்துவமனை ஊழியர்கள் எனப் பலரும் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். அவற்றில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் வகுப்பில் பெரும்பாலானோர் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள். ஆறாம் வகுப்பில் 'டாக்டர் ஆவேன்' என்று கை தூக்கியவர்கள், பத்தாம் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஆண்டுதோறும் ஒரு மருத்துவரை அழைத்துப் பேசச் சொல்கிறோம். பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கிறார்கள், கை தட்டுகிறார்கள், அதோடு சரி. வேறு என்ன செய்யலாம்?

பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள் என்று நீங்களே எழுதியிருப்பதால், ஆசை அவர்களிடம் இன்னும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லாதது வழி பற்றிய தெளிவு. மருத்துவர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எந்தப் பாடத்தை எந்த வகுப்பில் எடுக்க வேண்டும், எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், ஒரு முறை தவறினால் மறுமுறை எழுதலாமா என்பதெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமலே காதில் விழுந்துவிடுகிறது. உங்கள் வகுப்புப் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம். எனவே பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள், இது நமக்கு ஆகிற காரியம் இல்லை என்று தனக்குள்ளேயே முடிவு கட்டிக்கொள்கிறது. அந்த முடிவை ஓர் அரை மணி நேரப் பேச்சால் மாற்ற முடியாது.

பேச வருபவரை மாற்றிப் பாருங்கள். புகழ்பெற்ற மருத்துவரைவிட, உங்கள் பிள்ளைகளைப் போன்ற வீட்டிலிருந்து போய் இப்போது இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவியோ, ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன ஓர் இளைஞரோ பேசினால் பயன் கூடுதல். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். பத்துப் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து, எந்தப் பாடத்தில் தாம் தடுமாறினோம், கட்டணத்தை எப்படிக் கட்டினோம், விடுதியில் முதல் வாரம் எப்படிக் கழிந்தது என்று அவர் சொல்லட்டும். பெரிய மருத்துவர் தாம் ஏறி நிற்கும் உயரத்தைக் காட்டுகிறார். பிள்ளைகளுக்கு வேண்டியிருப்பது முதல் படி எங்கே இருக்கிறது என்ற செய்தி.

அதைவிட முக்கியமானது, நீங்கள் தினமும் நடத்தும் பாடத்துக்குள்ளேயே இந்தத் துறையைக் கொண்டுவருவது. ஒரு நோயாளிக்கு எட்டு மணி நேரத்தில் 1000 மில்லி லிட்டர் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், அந்தக் குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர், அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும் என்று கேளுங்கள். 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடங்களால் வகுத்தால் ஏறத்தாழ 42 வரும். செவிலியர்கள் நாள்தோறும் போடும் கணக்கு இது. ஏழாம் வகுப்புக் கணக்கைத் தாண்டி இதில் எதுவும் இல்லை. கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளை, இந்த 42க்குப் பிறகு அப்படிக் கேட்பது குறைந்துவிடும்.

இன்னொன்று, இரத்த அழுத்தம் பார்ப்பது. திரையில் எண்ணைக் காட்டும் தானியங்கிக் கருவி வேண்டாம். காற்றடிக்கும் பழைய வகைக் கருவியும் ஒரு ஸ்டெதஸ்கோப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, முழங்கையின் உட்புறத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, காற்றை மெல்ல மெல்ல இறக்கினால், ஏதோ ஓர் எண்ணில் 'டப், டப்' என்ற சத்தம் தொடங்கும். இன்னும் கீழே ஓர் எண்ணில் அது மறைந்துவிடும். முதல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம், இரண்டாவது எண் இதயம் தளரும்போது உள்ள அழுத்தம். பக்கத்து இருக்கைத் தோழியின் கையில் அந்தச் சத்தத்தை ஒரு முறை காதால் கேட்ட பிள்ளைக்கு, இதயம் என்பது புத்தகத்துப் படமாக மட்டும் இருக்காது. ஒரு செவிலியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டால் முறையும் பிசகாது.

மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் மருத்துவரின் அறையோடு திரும்பிவிடாதீர்கள். ஆய்வகம், எக்ஸ்ரே அறை, மருந்தகம், உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவு, நோயாளிகளின் பதிவேடுகளைப் பராமரிக்கும் அறை எல்லாவற்றையும் காட்டுங்கள். காலம் குறித்தும் ஒரு வார்த்தை: மேல்நிலைப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்த பிறகு ஊக்கம் கொடுத்துப் பயனில்லை. அறிவியலும் கணிதமும் கைவிட்டுப் போகாமல் இருக்க, எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளிலேயே இந்த வேலை தொடங்க வேண்டும். பள்ளியில் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்று, விண்ணப்பத் தேதிகளையும் உதவித்தொகைத் தேதிகளையும் ஒரு நாட்காட்டியில் குறித்து வகுப்பறைச் சுவரில் மாட்டிவைக்க வேண்டும். தகுதி இருந்தும் தேதி தெரியாமல் ஓர் ஆண்டை இழக்கும் பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. அவளுக்கு மருத்துவத் துறைதான் வேண்டுமாம். அவள் வாங்கும் மதிப்பெண்ணுக்கு டாக்டர் படிப்பு கிடைக்காது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆசையை விட்டுவிடச் சொல்லலாமா?

வேண்டாம், அம்மா. அப்படி ஒரு முடிவுக்கு வருவதற்குமுன், மருத்துவத் துறை என்று மகள் சொல்லும்போது அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்று நிதானமாகக் கேளுங்கள். சிலருக்கு நோயாளியின் அருகில் இருப்பது பிடிக்கும்; சிலருக்கு நுண்ணோக்கியின் முன்னால் அமைதியாக உட்கார்ந்து வேலை பார்ப்பது பிடிக்கும்; சிலருக்குக் கருவிகள் பிடிக்கும். ஒரு நோயாளி குணமாகி வீடு திரும்புவதற்குள் செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுப்பவர், மயக்க மருந்துப் பிரிவின் உதவியாளர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், உணவு ஆலோசகர் என்று எத்தனையோ பேரின் கைகளைக் கடந்து போகிறார். பேச்சுப் பயிற்சி அளிப்பவர், செவித்திறனைச் சோதிப்பவர், செயற்கைக் கால் பொருத்துபவர், டயாலிசிஸ் இயந்திரத்தை இயக்குபவர், தொற்றுநோய்க் கணக்கெடுப்பாளர் ஆகியோரும் இந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றின் பெயரைக்கூட உங்கள் மகள் கேட்டிருக்க மாட்டாள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2030ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் ஒரு கோடி சுகாதாரப் பணியாளர்களுக்குப் பற்றாக்குறை இருக்கும். அது மருத்துவர்களை மட்டும் சேர்த்த கணக்கு இல்லை.

கீழே தொடங்கியவர் மேலே வர முடியும் என்பதற்கு ஒரு கல்லூரியே சாட்சியாக இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் லேட்டே தீவில், அந்நாட்டுப் பல்கலைக்கழகம் 1976இல் ஒரு சுகாதார அறிவியல் பள்ளியைத் தொடங்கியது. மருத்துவர்கள் வராத ஊர்களின் மக்களே தங்கள் பிள்ளைகளில் ஒருவரை அங்கே அனுப்பிவைக்கிறார்கள். எல்லாரும் முதலில் மகப்பேறு உதவிப் பணியைக் கற்கிறார்கள். அதை முடித்தவர்கள் ஊருக்குப் போய்ப் பணிபுரிந்துவிட்டு, தகுதியும் ஊர்மக்களின் ஒப்புதலும் இருந்தால் செவிலியர் படிப்புக்குத் திரும்புகிறார்கள். அதையும் முடித்தவர்களில் சிலர் மருத்துவம் படிக்கிறார்கள். எந்த நிலையில் நின்றாலும் கையில் ஒரு முழுமையான தொழில் இருக்கும். ஏணியில் பாதியில் நின்றவர் தோற்றவராகக் கருதப்படாத இந்த ஏற்பாடு, நான் அறிந்தவற்றில் மிக நேர்மையான ஏற்பாடுகளில் ஒன்று.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஏழைப் பிள்ளைக்குச் சிறிய படிப்பே போதும் என்று ஆலோசனை என்ற பெயரில் ஒதுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் சுகாதாரப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள். தலைமைப் பொறுப்புகளிலோ அவர்கள் 25 விழுக்காட்டினரே. கடைநிலையில் நிறைந்திருப்பவர்களை மேலே வரவிடாமல் தடுக்கும் வழக்கம் பழையது. ஆகவே மகள் உண்மையிலேயே மருத்துவர் ஆக விரும்பினால், இன்றைய மதிப்பெண்ணை வைத்து யாரும் அவளுக்காக முடிவு செய்துவிட வேண்டாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்பது பெரும்பாலும் இதுவரை கிடைத்த பயிற்சியின் அளவு. இன்னும் இரண்டு ஆண்டுகள் நல்ல வழிகாட்டுதல் கிடைத்தால் அது மாறக்கூடியது. எந்தப் படிப்பில் சேர்வதானாலும், அந்தக் கல்லூரிக்கு உரிய தொழில்முறைக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்குமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லாத சான்றிதழோடு வேலை தேடி அலைவது முதல் தலைமுறைக் குடும்பங்களுக்கே அதிகம் நேர்கிறது.

கேள்வி: நலிந்த பிரிவினருக்கு உதவ வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உயிரோடு விளையாடும் துறையில் தகுதியைத் தளர்த்தி இடம் கொடுப்பது நோயாளிக்கு ஆபத்து இல்லையா? மருத்துவர் எந்த வீட்டிலிருந்து வந்தால் நோயாளிக்கு என்ன?

நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள்; பலர் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காத கேள்வி இது. முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோயாளியைக் காப்பது கல்லூரியை விட்டு வெளியேறும்போது எழுதும் தேர்வின் தரம். நுழையும்போது வாங்கிய மதிப்பெண், அதுவரை ஒருவருக்கு எவ்வளவு வாய்ப்பு கிடைத்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. லண்டனில் உள்ள கிங்ஸ் கல்லூரி, 2001இல் ஒரு நீட்டிக்கப்பட்ட மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. வசதி குறைந்த பொதுப் பள்ளிகளில் படித்தவர்களை, வழக்கமான மதிப்பெண்ணைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலும் சேர்த்துக்கொண்டு, தொடக்கப் பாடங்களைக் கூடுதலாக ஓர் ஆண்டுக்குப் பரப்பி, தனிக் கவனத்தோடு கற்பிக்கிறார்கள். அதன் பிறகு அவர்கள் மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, அதே தேர்வுகளை எழுதி, அதே பட்டத்தைப் பெறுகிறார்கள். வாசலில் காலம் கூட்டிக் கொடுக்கப்பட்டது; முடிவில் எந்த அளவுகோலும் குறைக்கப்படவில்லை.

மருத்துவர் எங்கிருந்து வந்தால் என்ன என்ற இரண்டாவது கேள்விக்கு, அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் நடந்த ஓர் ஆய்வு நேரடியாகப் பதில் தருகிறது. 2019இல் வெளியான அந்த ஆய்வில் சுமார் 1,300 கறுப்பின ஆண்கள் கலந்துகொண்டார்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் சிலரைக் கறுப்பின மருத்துவரிடமும் சிலரை மற்ற மருத்துவர்களிடமும் அனுப்பினார்கள். மருத்துவரின் படத்தை மட்டும் பார்த்து எந்தெந்தப் பரிசோதனைகள் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தபோது இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. நேரில் உட்கார்ந்து பேசிய பிறகு, கறுப்பின மருத்துவரிடம் போனவர்கள் சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்ற நோய்த்தடுப்புப் பரிசோதனைகளுக்குக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாக ஒப்புக்கொண்டார்கள். குறிப்பாக, இரத்தம் எடுக்க வேண்டிய சோதனைகளில் அந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. தன் வாழ்க்கையைப் புரிந்துகொள்பவர் என்று தோன்றுபவரிடம் மனிதர் மனம்விட்டுப் பேசுகிறார்; அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளவும் செய்கிறார். இதைச் சலுகைக் கணக்கில் சேர்க்க முடியாது. இது சிகிச்சையின் ஒரு பகுதி.

வெளியிலிருந்து வருபவர் துறைக்குள் புதிய கேள்விகளையும் கொண்டுவருகிறார். தோல் நோய்களின் அடையாளங்களைப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் வெண்ணிறத் தோலிலேயே காட்டிவந்தன. கறுப்பு நிறத் தோலில் இதே அறிகுறி எப்படித் தெரியும் என்று லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் வகுப்பில் கேட்கத் தொடங்கி, பதில் கிடைக்காமல், தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020இல் அதற்கென ஒரு கையேட்டையே உருவாக்கினார். அந்தக் கேள்வி ஒரு கறுப்பின மாணவரிடமிருந்து வந்தது தற்செயல் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி ஆண்களுக்கென்றே இருந்த கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவரது முயற்சியால்தான் அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவ நிலையம் எழுந்தது. அன்று அந்தப் பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் இழப்பு அவருக்கு மட்டும் நேர்ந்திருக்காது.

இந்தப் பிள்ளைகள் குறைவாக இருப்பது தானாக நேர்ந்ததும் அல்ல. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை 1910இல் வெளிவந்தபோது கறுப்பினத்தவருக்கென ஏழு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டு, மெஹாரி என்ற இரண்டே எஞ்சின. மற்றக் கல்லூரிகளோ அவர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக அடைக்கப்பட்டிருந்த கதவைத் திறந்துவிட்டு, உடனே எல்லாரும் ஏன் ஓடி வரவில்லை என்று கேட்பது நியாயம் ஆகாது.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு மாணவன். செவிலியராகவோ மருத்துவராகவோ ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் இரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆங்கிலமும் சரியாக வராது. எனக்கு இது ஒத்துவருமா?

ஒத்துவரும். இரத்தத்தைக் கண்டு மயக்கம் வருவது கோழைத்தனம் இல்லை. அந்த நொடியில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் திடீரென்று குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் குறைவதால் நேர்வது. அறுவைச் சிகிச்சை அறையில் முதன்முறை நிற்கும் மருத்துவ மாணவர்களில் பலருக்கும் இது நேர்கிறது. பழகப் பழகப் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்காதீர்கள். தலை லேசாவது தெரிந்தால் கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில விநாடிகள் இறுக்கித் தளர்த்துங்கள். அழுத்தம் கீழே விழாமல் இருக்க அது உதவும். அப்படியும் சரியாகவில்லை என்றால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள். இது பல ஆண்டுகள் மாறாமலே இருந்தாலும், இரத்தத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாத பணிகள் இந்தத் துறையில் நிறைய உண்டு.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, மருத்துவக் கலைச்சொற்களில் பெரும்பகுதி கிரேக்க, இலத்தீன் வேர்களிலிருந்து வந்தவை என்பதால், ஆங்கிலம் சரளமாகப் பேசும் மாணவருக்கும் அவை முதல் நாளில் புதியவையே. ஒரு நோட்டில் தினமும் ஐந்து சொற்களை எழுதி, பொருளைத் தமிழில் எழுதிப் பழகுங்கள். நாளை உங்களிடம் வரும் நோயாளிகளில் பலர் தங்கள் வலியைத் தாய்மொழியில்தான் சொல்வார்கள்; அதைத் துல்லியமாகப் புரிந்துகொள்ளும் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: மருந்தாளுநர் படிப்பில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பள்ளியில் முதல் மாணவியாக இருந்த நான் இங்கே வேதியியலில் தோற்றுவிட்டேன். வகுப்பில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. படிப்பை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

இந்த வாரம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒரு தாளில் தோற்றதை வைத்து, இந்த இடம் எனக்கு உரியது இல்லை என்று முடிவு கட்டுவது, முதல் தலைமுறை மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பழக்கம். வசதியான வீட்டிலிருந்து வந்த மாணவி தோற்றால், ஆசிரியர் சரியில்லை, கேள்வித்தாள் கடினம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். நீங்கள் தோற்றால் உங்களையே குற்றவாளியாக்கிக்கொள்கிறீர்கள். தோல்வி இருவருக்கும் ஒன்றுதான்.

நாளையே வேதியியல் ஆசிரியரிடம் விடைத்தாளோடு போய், எந்த இடத்தில் மதிப்பெண் போயிற்று என்று கேளுங்கள். பாடம் புரியாமல் போயிற்றா, நேரம் போதவில்லையா, பள்ளியில் நடத்தாமல் விட்ட அடிப்படை ஏதாவது குறைகிறதா என்பது அப்போதுதான் தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பள்ளியில் தனியாக மனப்பாடம் செய்து முதலிடம் வாங்கிய பலருக்குக் கல்லூரியில் அந்த முறை கைகொடுப்பதில்லை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒருவருக்கொருவர் பாடத்தைச் சொல்லிப் பாருங்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று உங்களுக்குத் தோன்றும் எண்ணம், அந்தச் சிறு குழுவில் முதல் மணி நேரத்திலேயே கலைந்துவிடும். வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். பெற்றோருக்கு வேதியியல் தெரியாமல் இருக்கலாம். மகள் தனியாகத் தவிப்பதைத் தெரிந்துகொள்ள வேதியியல் தேவையில்லை.

கல்லூரி நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சேர்க்கை நாளோடு உங்கள் அக்கறை முடிந்துவிட வேண்டாம். முதல் பருவத் தேர்வு முடிந்த உடனே, தோற்றவர்களை நீங்களே அழைத்துப் பேசுங்கள். அவர்களாக வந்து உதவி கேட்பார்கள் என்று காத்திருந்தால், கேட்கத் தெரிந்தவர்கள் மட்டுமே வருவார்கள்.

கேள்வி: நான் மருத்துவமனை ஆய்வகத்தில் நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவ விரும்புகிறேன். பெரிய அளவில் பணம் கொடுக்க வசதி இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

ஐயா, ஆய்வகத்திலிருந்து எழுதியிருப்பதால் ஆய்வக மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உயர்நிலைப் பள்ளி முடித்து, மருத்துவம் படிப்பதற்காகத் தச்சு வேலை செய்து பணம் சேர்த்தார். 1930இல் வங்கி திவாலாகி அந்தச் சேமிப்பு முழுவதும் போயிற்று. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் பிளாலாக் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்த அவர், அங்கேயே தொடர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, பதிவேட்டில் இருந்த பதவியோ துப்புரவுப் பணியாளர். பிறவி இதயக் கோளாற்றால் உடல் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சை முறையை விலங்குகளில் செய்து செய்து செம்மைப்படுத்தியவர் அவர். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை முதன்முதலாக ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டபோது, தாமஸ் ஒரு முக்காலியின் மேல் ஏறி, பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு தையலுக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு பல அறுவைச் சிகிச்சை நிபுணர்களுக்குப் பயிற்சியளித்த அவருக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1976இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அவர் விரும்பிய மருத்துவப் படிப்பு கடைசிவரை கிடைக்கவேயில்லை. அவரிடம் திறமைக் குறைவு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வங்கி மூழ்கிய அந்த ஆண்டில், கூட நிற்க ஓர் ஆள் இல்லை. கைகொடுக்க ஓர் ஏற்பாடு இல்லை.

அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நாட்டால் மாநிலத்தில், இங்வாவுமா என்ற சிற்றூரின் மாஸ்வோல்ட் மருத்துவமனையை ஒட்டி 1999இல் ஒரு திட்டம் தொடங்கியது. மருத்துவர்கள் வந்து தங்காத ஊர் என்பதால், ஊர்ப் பிள்ளைகளையே படிக்கவைத்துத் திரும்ப அழைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். விண்ணப்பிக்கும் பிள்ளை முதலில் மருத்துவமனையில் சில நாள் தன்னார்வமாக இருந்து வேலையைப் பார்க்க வேண்டும். உள்ளூர் மக்களும் சேர்ந்த குழு அவரிடம் பேசித் தேர்ந்தெடுக்கும். விடுமுறையில் அதே மருத்துவமனைக்கு வந்து பணியாற்ற வேண்டும். படிப்பு முடிந்ததும், எத்தனை ஆண்டு உதவி பெற்றாரோ அத்தனை ஆண்டு அங்கே வேலை செய்ய வேண்டும். கல்லூரிக் காலம் முழுவதும் ஒரு வழிகாட்டி தொடர்ந்து பேசிக்கொண்டே இருப்பார் என்பதுதான் இதில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. கிராமப்புறப் பின்னணி உள்ள மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதும், பணி ஒப்பந்தத்தோடு உதவித்தொகை கொடுப்பதும் பயன் தரும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2010இலும் 2021இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பரிந்துரைத்திருக்கிறது.

உங்கள் அளவில் தொடங்கும்போது, பழைய மருத்துவமனையின் ஒப்புதலைப் பெற்று ஓரிரு மாணவர்களை ஆய்வகத்துக்கு அழைத்துப் போங்கள். இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் அவர்களே பார்க்கட்டும். நோயாளியின் பெயரோ முகமோ பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது, கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். அதுவும் இந்தத் தொழிலின் பாடம். பணம் கொடுப்பதானால், பிறர் கண்ணில் படாத சிறு செலவுகளுக்குக் கொடுங்கள். கல்விக் கட்டணத்துக்கு உதவித்தொகை கிடைத்துவிட்ட பிள்ளை, விண்ணப்பக் கட்டணமோ, நேர்காணலுக்குப் போகும் பயணச் செலவோ, முதல் மாத விடுதிப் பணமோ இல்லாமல் நின்றுவிடுவது உண்டு. விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள். நேர்காணலில் கேட்கக்கூடிய கேள்விகளைக் கேட்டுப் பழக்குங்கள். ஒரே நேரத்தில் இருபது பேரை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கல்லூரியில் முதல் ஆண்டை முடிக்கும்வரை கூட இருப்பதாக அவர்களுடைய பெற்றோரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.